புருடா அகராதி செய்வது எப்படி? பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் அடுக்ககத் தமிழர்கள் பொங்கலுக்கு ஒரு சின்ன மலர் போடுவோம். இந்த முறை விளம்பரம் சரியாக வராததால் நடுவில் இரண்டு பக்கம் காலி. அதை நிரப்ப, நாங்களே இட்டுக்கட்டிய சொற்களை அவற்றின் பொய்ப் பொருளோடு அகராதி மாதிரி அச்சிட்டோம். மலரில் எல்லோரும் படித்தது அதை மட்டும்தான். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு.

முதலில் ஒரு முன்ஜாமீன். "இதெல்லாம் தமிழைக் கெடுக்கிற வேலை" என்று ஏதாவது மாமா கிளம்பினால், இலக்கணத்தில் குழூஉக்குறி (ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல்) என்று ஒரு பிரிவு இருப்பதைச் சொல்லுங்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். உள்ளே போனால் வாயைத் திறக்க வைக்கும் சரக்குக்குச் சொல்விளம்பி! இதைத் தாண்டுகிற மாதிரி ஒரு சொல் எங்கள் இரண்டு பக்கத்திலும் கிடையாது.

படி 1: பெயரில்லாத அவஸ்தையைப் பிடியுங்கள்

சொல்லிலிருந்து தொடங்காதீர்கள். ஊரே அனுபவிக்கிற, ஆனால் இன்னும் பெயர் வைக்காத அவஸ்தை ஒன்று வேண்டும். பெங்களூரில் இதற்குப் பஞ்சமில்லை. சேகரிப்பதை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் வைத்துக்கொள்ளாதீர்கள், காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு கூகுள் ஷீட் போதும்.

படி 2: ஒட்டுங்கள், ஆனால் ஒட்டு தெரியக் கூடாது

இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதினால் அது வெறும் தொகை. 'மெட்ரோத்தூக்கம்' என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். முதல் சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையும் ஒரே ஓசையாக இருக்க வேண்டும். மெட்ரோவும் ஓய்வும் சேர்ந்தால் மெட்ரோய்வு. டேங்கரும் கரிசனமும் சேர்ந்தால் டேங்கரிசனம். 'கர்' இரண்டிலும் இருப்பதால் தையல் தெரியவில்லை பாருங்கள்.

இப்படிப் பொது ஓசை இல்லாவிட்டால் புணர்ச்சி விதி கைகொடுக்கும். கட்டு, உரை சேர்ந்து கட்டுரை ஆவது போல மியூட்டு, உரை சேர்ந்து மியூட்டுரை.

இன்னொரு வழி, இருக்கிற சொல்லில் ஓர் எழுத்தை நுழைப்பது. 'சிக்கிட்டேன்' என்பதில் ஒரு 'ல்' போட்டால் 'சில்க்கிட்டேன்'. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் மாலை ஆறரைக்கு நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

படி 3: வளைத்துப் பாருங்கள்

சொல் பெயராக இருந்தால் வேற்றுமை உருபு ஏற்க வேண்டும், வினையாக இருந்தால் மூன்று காலத்திலும் நடக்க வேண்டும். சில்க்கினேன், சில்க்குகிறேன், சில்க்குவேன்; சில்க்காதே! எல்லாம் ஓடுகிறது. குழுவில் ஒருவர் டிராஃபிக்கையும் கஷ்டத்தையும் சேர்த்து 'டிராஃபிக்ஷ்டம்' என்று கொடுத்தார். தாளில் அழகுதான். 'டிராஃபிக்ஷ்டத்தால்' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். தள்ளிவிட்டோம்.

படி 4: ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறதா?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அதில் இல்லையென்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி, கன்னடம். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். ஊருக்குப் புதிதாக வந்த என் தம்பியிடம் தோசைக் கடையில் "துப்ப ஹாக்லா?" என்று கேட்டார்கள். அவன் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். துப்ப என்றால் கன்னடத்தில் நெய், பாவம், போடட்டுமா என்றுதான் கேட்டார்கள். நீங்கள் செய்கிற சொல்லும் எதிர்த்திசையில் இப்படி வெடிக்கலாம்.

படி 5: பொருள் எழுதுவது

முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். சொல் நன்றாக வந்த உற்சாகத்தில் பொருளிலும் ஜோக் அடிக்கிறார்கள். வேண்டாம். சொல் கோமாளியாக இருந்தால் பொருள் தாசில்தார் மாதிரி இருக்க வேண்டும். ஆச்சரியக்குறி, 'ஹா ஹா', சிரிக்கும் பொம்மை எல்லாம் கூடாது. முதலில் சொல்வகை, பிறகு ஓரிரு வாக்கியத்தில் வரையறை, தேவைப்பட்டால் கடைசியில் வாயில் வருகிற மாதிரியே ஓர் எடுத்துக்காட்டு.

டேங்கரிசனத்துக்கு முதலில் வந்த வரைவு இது: "தண்ணி லாரிக்காரரைப் பார்த்தாலே நாம எல்லாரும் உருகிடுவோம்ல, அதான்!" இதையே இப்படி மாற்றினோம்:

டேங்கரிசனம் (பெயர்ச்சொல்): கோடையில் தண்ணீர் லாரி ஓட்டுநர் மீது குடியிருப்போருக்குச் சுரக்கும் அன்பு. முதல் மழையில் வற்றும். 'அண்ணா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்கண்ணா.'

2024 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் இங்கே இருந்தவர்கள் 'அண்ணா' இரண்டு முறை வருவதைக் கவனித்திருப்பார்கள். வேறு சில:

மியூட்டுரை (பெயர்ச்சொல்): இணையக் கூட்டத்தில் ஒலிவாங்கியை அணைத்துவைத்து ஆற்றப்படும் சொற்பொழிவு. பேச்சாளரின் மிகச் சிறந்த கருத்துகள் இதில்தான் இடம்பெறும்.

மெட்ரோய்வு (பெயர்ச்சொல்): ஒயிட்ஃபீல்டில் ஏறி இந்திரா நகரில் இறங்க வேண்டியவர், தடத்தின் மறுகோடியான சல்லகட்டாவில் கண்விழித்தல்.

பெயிண்ட்டணம் (பெயர்ச்சொல்): வீட்டைக் காலி செய்யும்போது, அடிக்கப்படாத சுண்ணாம்புக்காக முன்பணத்தில் கழிக்கப்படும் ஒரு மாத வாடகை.

ஹக்கோடா (பெயர்ச்சொல்): பால் ஹாலு ஆவதாலும் புளி ஹுளி ஆவதாலும், எல்லாப் பகரத்தையும் ஹகரமாக்கினால் கன்னடம் வந்துவிடும் என நம்பும் தமிழர் பேசும் மொழி. 'பேக்கரியில போய் ரெண்டு ஹக்கோடா, ஒரு ஹப்ஸ்னு கேட்டான்.'

படி 6: தட்டச்சு

தமிழ்99 விசைப்பலகை பழகியிருந்தால் கவலையில்லை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் விசைப்பலகையில் தானாகத் திருத்துவதை அணைத்துவிடுங்கள். 'சில்க்கிட்டேன்' என்பதை அது விடாப்பிடியாகச் 'சிக்கிட்டேன்' ஆக்கும். ஜோக் போய் வெறும் புகார் மிஞ்சும்.

பிற்சேர்க்கை: "2025 ஆகஸ்டிலிருந்து மஞ்சள் தட மெட்ரோ சில்க் போர்டில் நிற்கிறதே, சில்க்குதல் காலாவதியா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். சொல்லை எடுக்க வேண்டாம். அகராதிகளில் போல '(அருகிய வழக்கு)' என்று சேர்த்துவிடுங்கள். கீழே சாலையில் நிற்பவர்கள் அதைப் படித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

இன்னொரு பிற்சேர்க்கை: பைத்தான் நிரல்மொழியில் அகரவரிசைப்படுத்தினால் வரிசை குழம்புகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். உண்மைதான். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் இருக்கிறது. புள்ளிக்குரிய குறியீடோ உயிர்க்குறிகளுக்கும் பின்னால். வெறும் குறியீட்டு எண்ணைப் பார்த்து அடுக்கினால் 'மகன்' முன்னால் வந்து 'மக்கு' பின்னால் போகும். நம் அகராதிகளில் மக்குதான் முதலில். இதற்காக நிரல் எழுத உட்காராதீர்கள். ஐம்பது சொல்லுக்குள் இருந்தால் சீட்டுகளில் எழுதி, தமிழ் டீச்சராக இருந்த பாட்டி யாரிடமாவது கொடுங்கள். ஒரு காபி ஆறுவதற்குள் அடுக்கித் தந்துவிடுவார், இரண்டு சந்திப் பிழையையும் திருத்தி.