நாமக்கோழியா, தாழைக்கோழியா? பிரித்தறியும் முறை

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பறவைகளைப் பார்க்கத் தொடங்கிய புதிதில், கறுப்பாக மிதந்தவற்றையெல்லாம் நாமக்கோழி என்றே குறிப்பேட்டில் எழுதிவந்தேன். நாமக்கோழி, தாழைக்கோழி இரண்டும் கானாங்கோழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1758-இல் லின்னேயஸும் இவ்விரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்தார்.

முதலில் நெற்றியைப் பாருங்கள். நாமக்கோழியின் அலகும் நெற்றிக் கவசமும் தூய வெள்ளை. நாமம் இட்டதுபோல் இருப்பதாலேயே அதற்கு அந்தப் பெயர். தாழைக்கோழிக்கு நெற்றியும் அலகும் சிவப்பு, அலகின் நுனி மட்டும் மஞ்சள். வளர்ந்த பறவையும் நல்ல வெளிச்சமும் வாய்த்தால் இதுவே போதும்.

நான் பல மாதங்கள் பிழை செய்தது இதற்கு அடுத்த படியில்தான். இளம் தாழைக்கோழிக்கு அந்தச் சிவப்பு இராது. உடல் பழுப்பாகவும் அலகு மங்கலாகவும் இருக்கும். எதிர்வெயிலில் வளர்ந்த பறவையின் நிறமும் தெரியாது. அப்போது அலகை விட்டுவிட்டு விலாவுக்கும் வாலுக்கும் பார்வையைக் கொண்டுசெல்லுங்கள். ஒருநாள் காலையில் சம்புப் புதரிலிருந்து வெளிவந்த இளம் பறவை ஒன்று, ஒவ்வோர் அடிக்கும் வாலை வெடுக்கென்று தூக்க, வாலடியில் இரண்டு வெள்ளைத் திட்டுகளும் அவற்றின் நடுவே கறுப்பும் பளிச்சிட்டன. மடித்த சிறகின் கீழே விலாவில் வெளிறிய கோடு ஒன்றும் ஓடியது. இவ்விரண்டும் நாமக்கோழியிடம் இல்லை. அதன் உடல் உருண்டு திரண்டது, வால் குட்டை. அதன் இளம் பறவைக்கு முகத்திலும் முன்கழுத்திலும் வெண்சாம்பல் படர்ந்திருக்கும்.

கரையேறினால் கால்விரல்களையும் பார்த்துவிடுங்கள். நாமக்கோழியின் விரல்களில் தட்டையான மடல்கள் உண்டு. நீரில் மூழ்கிப் பாசியையும் நீர்ச்செடிகளையும் பறித்து வர அவை உதவுகின்றன. தாழைக்கோழியின் விரல்கள் மடலின்றி மெலிந்து நீண்டவை. மிதக்கும் இலைகள்மேல் நடக்க ஏற்றவை.

கருவியைப் பொறுத்தவரை, தொடக்கநிலையினருக்கு 8×42 இருநோக்கியையே (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்வில்லையின் விட்டம் 42 மி.மீ.) உறுதியாகப் பரிந்துரைப்பேன். 10×50 கனமானது, கைநடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். ஒளிப்படத்தை மட்டும் நம்ப வேண்டாம்; வாலைச் சொடுக்கும் அசைவு அதில் பதிவாகாது.

பின்சேர்க்கை: அலகருகே வெளிர்புள்ளியுடன் மூழ்கி எழும் சிறு பறவையை நாமக்கோழி என்று எண்ணியதாக வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அது முக்குளிப்பான், கானாங்கோழிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அந்தப் புள்ளி அலகின் அடியில் மட்டுமே இருக்கும், நெற்றிக்கு ஏறாது. நாமக்கோழியின் அருகில் நீந்தும்போது அது எவ்வளவு சிறியது என்பதும் உடனே தெரிந்துவிடும்.