களர் நிலத்தை மீட்கப் போய் காசைக் கரைக்காதீர்கள்

வயலில் வெள்ளை பூத்ததும் ஜிப்சம் வாங்க ஓடுகிறார்கள் பாருங்கள், முதல் தவறே அதுதான். வெள்ளை பூப்பது பெரும்பாலும் உவர் நிலம். அதற்கு ஜிப்சமே தேவையில்லை, நல்ல தண்ணீரைக் கட்டி உப்பைக் கரைத்து வடியவிட்டாலே போதும். களர் வேறு ரகம், சோடியம் மிகுந்த மண், ஜிப்சம் இதற்குத்தான்: மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் நாள்கணக்கில் கலங்கலாக நிற்கும், காய்ந்தால் மண்வெட்டி இறங்காது.

சரி, பார்த்தே முடிவு செய்துவிடலாமா? வேண்டாம், மண் பரிசோதனை செய்யுங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேலும் மின் கடத்துதிறன் (மண்ணின் உப்பைக் காட்டும் அளவு) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்குக் கீழும் இருந்தால் களர். கடத்துதிறன் 4-ஐத் தாண்டி, மண் துகளில் ஒட்டியிருக்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கும் 15 சதவீதத்துக்கு மேல் போனால் இரண்டும் கலந்த நிலம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், ஜிப்சம் போடாமல் வெறும் தண்ணீர் விட்டு உப்பை மட்டும் கழுவினால் சோடியம் மண்ணிலேயே தங்கி நிலம் முழுக்களராகிவிடும்.

அடுத்தது மூட்டைக் கணக்கு. பக்கத்து வயலுக்குப் போட்டதை நமக்கும் போடக் கூடாது. ஆய்வகம் சொல்லும் ஜிப்சம் தேவையில் பாதி அளவைத்தான் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அதையும் ஆழ உழுது புதைக்காதீர்கள், மேல் நாலு அங்குலத்தில் கலந்தால் போதும். வயலைச் சமன்படுத்தி, வரப்பை உயர்த்தி, தண்ணீர் கட்டி, ஜிப்சத்தைக் கலக்கிவிட்டு சில நாள் நிறுத்தி வடியுங்கள். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிடும், ஆனால் தள்ளிவிட்டது வெளியேற வழி வேண்டுமே! வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது பணத்தைச் சேற்றில் மிதிக்கிற வேலை. கழுவிய நிலத்தைக் காயவும் போடாதீர்கள், உப்பு திரும்ப மேலே ஏறும்.

போர் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். அதுவே சோடியத் தண்ணீராக இருந்தால் ஒரு பக்கம் கழுவிக்கொண்டே இன்னொரு பக்கம் கொட்டுகிறோம்.

அப்புறம் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை மறக்க வேண்டாம், ஏக்கருக்கு 20 கிலோ விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுங்கள். களரில் துத்தநாகம் பயிருக்குச் சரியாகக் கிடைக்காது, ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட் கொடுங்கள். முதல் பட்டத்திலேயே பிடித்த ரகத்தை நடாதீர்கள்; திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி களருக்கென்றே டி.ஆர்.ஒய் 1, டி.ஆர்.ஒய் 3 என நெல் ரகங்களைத் தந்திருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.