கெம்ப்ரியிலிருந்து தொடங்குங்கள்: கினாவா இசையைக் கேட்கும் முறை

மொராக்கோவின் கினாவா இசையை முதன்முதலில் கேட்பவர்களில் பலர் ஐந்தாவது நிமிடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நிறுத்தினேன். கைப்பேசியைச் சமையல் மேடைமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டபோது காதில் விழுந்ததெல்லாம் இரும்பு ஓயாமல் இரும்போடு மோதும் ஓசையும், ஒருவர் எடுத்துக் கொடுக்க நாலைந்து பேர் திருப்பிப் பாடும் குரலும்தான். பாத்திரக் கடையில் யாரோ அவசரமாகச் சரக்குக் கணக்கெடுப்பதைப் போலிருந்தது. சில மாதங்கள் கழித்து அதே பதிவை ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான் பிசகு எங்கே என்று தெரிந்தது. மொத்த இசையையும் தாங்கி நிற்கும் கெம்ப்ரி என்னும் தந்தி வாத்தியத்தின் ஒலி, கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் வெளிவரவே இல்லை. ஆகவே முதல் வேலை, தாழ்ந்த ஒலிகளை ஒழுங்காகத் தரக்கூடிய ஹெட்ஃபோனையோ பெரிய ஒலிபெருக்கியையோ தேடிக்கொள்வது. அது கையில் இல்லாத நாளில் இந்த இசையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கெம்ப்ரி என்பது ஒரே மரக்கட்டையைக் குடைந்து, அதன் வாயில் ஒட்டகத்தோலை இழுத்துக் கட்டிச் செய்த மூன்று தந்தி வாத்தியம். சிலர் இதை ஹஜ்ஹூஜ் என்றும் சின்திர் என்றும் சொல்வார்கள். மூன்று தந்திகளில் ஒன்றை வாசிப்பவர் விரலால் அழுத்துவதே இல்லை. அது எப்போதும் ஒரே ஸ்வரத்தையே ஒலித்துக்கொண்டிருக்கும். மற்ற இரண்டில்தான் மெட்டு நகர்கிறது. தந்தியை மீட்டும் அதே கை தோலையும் தட்டுவதால், பாஸ் கிட்டாரும் மேளமும் ஒரே ஆளிடமிருந்து வருவதாகத் தோன்றும். தண்டின் நுனியில் வளையங்கள் கோத்த ஒரு தகடு செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு மீட்டலுக்கும் அது சலசலக்கும். இந்தச் சலசலப்பைப் பதிவின் குறை என்று எண்ணிவிடக் கூடாது. தம்புராவில் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூல் செய்வதைப்போல இதுவும் வேண்டுமென்றே சேர்த்த அதிர்வுதான். மின்கிட்டாரின் ஒலியைப் பெடல் வைத்துக் கரகரப்பாக்கும் ராக் இசைக்காரர்களுக்குக் கெம்ப்ரி உடனே பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்து இரும்பு. கரகெப் எனப்படும் இரும்புச் சப்ளாக்கட்டைகளை ஒவ்வொருவரும் இரு கைகளிலும் பிடித்திருப்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே கினாவா மக்கள் என்பதால், இந்த ஓசை விலங்குச் சங்கிலியை நினைவூட்டுவது என்று சொல்வதுண்டு. கேட்பவர் செய்ய வேண்டியது இதுதான்: கரகெப்பை எண்ணாதீர்கள். ஓர் அடிக்குள் சில பாட்டுகளில் மூன்று தட்டும் சிலவற்றில் நான்கு தட்டும் விழும். ஆனால் அவை சம இடைவெளியில் விழுவதில்லை. தகிட என்று சொல்லிப் பார்த்தால் பொருந்துவதுபோல் இருந்து நழுவும். தகதிமி என்றாலும் அப்படியே. தாளம் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் திணறுவார்கள், ஏனென்றால் திஸ்ரமா சதுஸ்ரமா (மூன்றா நான்கா) என்று தீர்த்துவிட அவர்களுடைய கை துடிக்கும். தீர்க்க வேண்டாம். கெம்ப்ரி திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு ஸ்வரத்தொடர், அதாவது அதன் சொற்கட்டு, எங்கே திரும்ப ஆரம்பிக்கிறதோ, அந்த இடத்தில் மட்டும் தொடையில் ஒரு தட்டு தட்டுங்கள். பத்துச் சுற்றுக்குப் பிறகு கை தானாக விழும். அதற்கு மேல் கவனம் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

இது எதற்காக வாசிக்கப்படுகிறது என்று தெரியாமல் கேட்டால் பாதிதான் கிடைக்கும். இதன் இயல்பான இடம் லிலா என்னும் இராச்சடங்கு. நம் லீலை அல்ல. அரபியில் இரவு என்று பொருள். முன்னிரவில் பெரிய மேளங்களோடு தெருவில் ஊர்வலம். பிறகு வீட்டுக்குள் விளையாட்டாகச் சில ஆட்டங்கள். அதன் பின்னரே ஆவிகளை அழைக்கும் நீண்ட பகுதி விடியும்வரை நடக்கும். ஆவிகளின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம், ஒரு புகை, ஒரு பாட்டு வரிசை. நம் வீட்டுச் சாம்பிராணியின் இனமான ஜாவியைத் தணலில் இட்டு, உரிய நிறத் துணியை ஆடுபவர்மேல் போர்த்துவதை மொகத்தமா என்னும் பெண் கவனித்துக்கொள்வார். கடலுக்குரிய சீதி மூசாவுக்கு நீலம். அவருடைய பாட்டு வரும்போது ஆடுபவர் நீர் நிறைந்த கிண்ணத்தைத் தலையில் ஏந்தியபடி நீந்துவதுபோல் அசைவதுண்டு. சீதி ஹம்முவுக்குச் சிவப்பு, லல்லா மீராவுக்கு மஞ்சள். வரிசை ஊருக்கு ஊர் சற்று மாறும்.

இதை ஷாமன் (ஆவியுலகோடு தொடர்புகொள்ளும் பூசாரி) சடங்கு என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் காது கூர்மையாகும். சைபீரியாவின் ஷாமன் தன் மேளத்தைத் தானே அடித்துத் தானே பயணம் போகிறவர். இங்கே மெய்ம்மறந்து போவது ஆடுபவர். கெம்ப்ரி வாசிக்கும் ஆசானான மாலெம் கடைசிவரை முழு விழிப்போடு இருந்தாக வேண்டும். ஆடுபவர் தளர்ந்தால் அவர் பக்கம் சாய்ந்து வாசிப்பார், வேகத்தைக் கூட்டுவார், ஆட்டம் நிறைவடையும்வரை பாட்டை முடிக்க மாட்டார். பதிவில் நடன அசைவு தெரியாது. ஆனால் குரல்கள் ஓய்ந்து கெம்ப்ரியும் கரகெப்பும் மட்டும் விரைந்து ஓடும் பகுதி வரும்போது, அங்கே ஒருவர் ஆடிக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொண்டு கேளுங்கள். சொற்கட்டில் மாலெம் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்கள் எதற்கென்று அப்போது புரியும்.

இத்தனைக்கும் பிறகுதான் ஜாஸ் கலப்புக்கு வர வேண்டும். நான் முதலில் பரிந்துரைப்பது, ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனோடு வாசித்தவரான சாக்ஸபோன் கலைஞர் ஃபரோவா சாண்டர்ஸ், மாலெம் மஹ்மூத் கினியாவோடு 1994இல் மொராக்கோவின் எஸ்ஸவீரா நகரில் பில் லாஸ்வெல் தயாரிப்பில் பதிவுசெய்த ‘தி டிரான்ஸ் ஆஃப் செவன் கலர்ஸ்’. பெயரில் உள்ள ஏழு நிறங்கள் லிலாவின் நிறங்கள்தான். கேட்கும்போது ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: விட்டுக்கொடுப்பது யார்? இங்கே சாண்டர்ஸ் எவ்வளவு கதறினாலும் கெம்ப்ரி போட்ட வட்டத்தைத் தாண்டுவதில்லை. கலப்பிசை பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். நாலு சுற்றுக்கு ஒருமுறை பியானோவோ கிட்டாரோ கார்டை (chord, சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டை) மாற்றினால், ஆழ்ந்துகொண்டிருந்த மனம் ஒவ்வொரு முறையும் மேலே இழுக்கப்படுகிறது.

புரூக்ளினைச் சேர்ந்த பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டன் இதை நன்கு அறிந்தவர்; 1967இல் ஆப்பிரிக்கா வந்து 1972 வரை மொராக்கோவின் டாஞ்சியரில் வாழ்ந்தவர். 1972இல் வந்த ‘புளூ மோசஸ்’ இசைத்தட்டின் தலைப்பே நீலத்துக்குரிய சீதி மூசாவைக் குறிப்பது (மூசாதான் மோசஸ்). ஆனால் அந்த இசைத்தட்டில் அவர் மின்பியானோ வாசிக்க நேர்ந்தது. பின்னணி இசையும் மேலே சேர்க்கப்பட்டது. அவருக்கே அதில் முழு உடன்பாடு இல்லை. அதைக் கேட்ட கையோடு, 1992இல் மராகேஷில் கினாவா ஆசான்களை ஒன்றாக உட்காரவைத்து அவர் செய்த பதிவையும் கேட்டால், எது மெருகு எது உயிர் என்பதைக் காதே பிரித்துச் சொல்லிவிடும்.

ராக் பக்கம் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் காசாபிளாங்காவில் எழுந்த நாஸ் எல் கிவான் குழுவை முதலில் கேளுங்கள். எஸ்ஸவீராவின் கினாவா ஆசான் அப்துர்ரஹ்மான் பாக்கோ அதில் கெம்ப்ரி வாசித்தார். லெட் ஸெப்பெலின் ராக் குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் 1994இல் மராகேஷ் சென்று கினாவாக்களோடு பதிவுசெய்ததை அதற்குப் பிறகு கேட்கலாம். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எஸ்ஸவீராவில் மணற்கோட்டை பற்றிய பாட்டை எழுதினார் என்று அங்கே போகிறவர்களிடம் சொல்வார்கள். அவர் போனது 1969இல்; பாட்டு வெளிவந்தது 1967இல். கதை வியாபாரத்துக்கு நல்லது, அவ்வளவே.

கேட்கும் நேரம் பற்றி ஒன்று. மூன்று நிமிடத் துண்டுகளாகக் கேட்காதீர்கள்; பாட்டுகளை வரிசை கலைத்து ஓடவிடவும் வேண்டாம், ஏனென்றால் மெதுவாகத் தொடங்கி ஏறுவதுதான் இதன் அமைப்பு. இரவில், ஒரே மூச்சில் நாற்பது நிமிடமாவது ஒதுக்குங்கள். இரும்போசை காதைக் குத்தினால் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம். நீங்கள் பாஸ் கிட்டார் வாசிப்பவர் என்றால், உள்ளங்கையால் தந்தியை லேசாக அமுக்கி நாலே ஸ்வரத்தில் ஒரு சொற்கட்டை எடுத்துக்கொண்டு, எதையும் கூட்டாமல் பன்னிரண்டு நிமிடம் வாசித்துப் பாருங்கள். ஆறாவது நிமிடத்தில் எதையாவது மாற்ற வேண்டும் என்று கை அரிக்கும். அப்போது மாற்றாதீர்கள், ஒன்பதாவது நிமிடத்துக்குப் பிறகு ஒரே ஒரு ஸ்வரத்தை மாற்றுங்கள்.