பிடித்த எழுத்தாளரை இன்னொரு வாசகரிடம் கொண்டுசேர்க்க

"அருமையான புத்தகம், கட்டாயம் படிங்க" என்று சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள், அதிலும் நிறைய வாசிக்கிறவர்களுக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசனம். முதலில் அவர் கடைசியாக எதை ரசித்துப் படித்தார், எதைப் பாதியில் மூடி வைத்தார் என்று கேளுங்கள். பாதியில் மூடியதுதான் ஆளைப் பற்றி அதிகம் சொல்லும்.

அப்புறம், சின்னதாகத் தொடங்குங்கள். அசோகமித்திரன் உங்களுக்கு உயிர் என்றாலும் எடுத்த எடுப்பில் அவருடைய '18வது அட்சக்கோடு' நாவல் வேண்டாம், 1948-க்கு முந்தைய ஹைதராபாத் நிஜாம் அரசியல் தெரியாதவர் கொஞ்சம் தடுமாறலாம். 'புலிக்கலைஞன்' சிறுகதை போதும். சினிமா ஸ்டூடியோவுக்கு வேலை கேட்டு வருகிற ஒருவன் அந்த அலுவலக அறையிலேயே புலியாக மாறிக் காட்டுகிறான் என்பது வரை சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள், மிச்சத்தை அவரே தேடிப் போவார். பிடித்துவிட்டதா, சரி, அடுத்து 'தண்ணீர்'. அது மெலிந்த நாவல்தான்.

உங்களுக்கே அலுப்புத் தட்டிய பக்கங்கள் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், உங்கள் பேச்சில் நம்பிக்கை வரும். இரவல் கொடுத்தால் யாரிடம் என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். படிச்சாச்சா படிச்சாச்சா என்று வாராவாரம் உயிரை எடுக்காதீர்கள். அவர் பதிலுக்கு ஒரு புத்தகம் நீட்டினால், வாங்கி அலமாரியில் சொருகாமல் அந்த வாரமே பிரித்துவிடுங்கள்.