பப்பாளி மாவுப்பூச்சி: மருந்தை நிறுத்தியதும் அடங்கியது

இலையின் அடியில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை, மேலே கரும்பூசணம், காய்களில் பிசுபிசுப்பு. மூன்று முறை மருந்து அடித்தேன். ஒவ்வொரு முறையும் பத்தே நாளில் திரும்பி வந்தது. பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே சேரவில்லை என்று நினைத்து சோப்புக் கரைசலும் அடித்துப் பார்த்தேன். அதுவும் வீண்.

முதலில் இது எந்த மாவுப்பூச்சி என்றே தெரியவில்லை. நாலைந்தை ஆல்கஹாலில் போட்டு வைத்தேன்; மறுநாள் கருநீலமாகியிருந்தன. மெக்சிகோவிலிருந்து பரவிய பப்பாளி மாவுப்பூச்சியின் அடையாளம் அது.

அப்புறம்தான் லென்ஸில் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வெள்ளைக்கு நடுவே சில மட்டும் பழுப்பாக உப்பி, ஒரு முனையில் வட்ட ஓட்டையோடு வெறும் கூடாகக் கிடந்தன. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்று வளரும் அசிரோபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய ஓட்டை! அதாவது, வேலை செய்ய வந்தவனையே நான் மருந்தடித்துக் கொன்றுகொண்டிருந்தேன்.

மருந்தை அடியோடு நிறுத்தினேன். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பான தேன்கழிவுக்காக அதைக் காவல் காத்த எறும்புகள் ஏறாதபடி தண்டில் பசைப்பட்டை கட்டினேன். வேலியோரப் பார்த்தீனியத்தையும் பிடுங்கினேன். அதன் வேர்க்கழுத்திலும் அதே வெள்ளை இருந்தது. கூடுகள் இருந்த இலைகளை மட்டும், உள்ளே மிச்சமிருக்கும் குளவிகள் வெளிவரட்டும் என்று, எரிக்காமல் மரத்தடியிலேயே விட்டேன். இரண்டு மாதத்தில் புதுத்தளிர் சுத்தமாக வந்தது.