நடைபாதை, சுவர்க் கிறுக்கல்: வீட்டுக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

வாசலுக்கு முன்னால் உள்ள நடைபாதை நகராட்சியுடையது, கல் பெயர்ந்தால் அவர்கள் பாடு என்று இருந்துவிடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. இடம் யாருடையது என்பது வேறு, அங்கே ஒருவர் தடுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்பது வேறு. நியூயார்க்கில் 2003-இல் வந்த சட்டப்படி, பழுதான நடைபாதையில் யாருக்காவது அடிபட்டால் நஷ்டஈட்டு வழக்கு பொதுவாக அதை ஒட்டிய கட்டடத்தின் உரிமையாளர் மேல்தான் வரும். உரிமையாளரே குடியிருக்கிற, மூன்று குடித்தனம் வரையுள்ள வீடுகளுக்கு விலக்கு உண்டு. அதற்காகக் காலை நீட்டி உட்கார்ந்துவிட முடியாது, ஏனென்றால் விலக்கு வழக்குக்குத்தானே தவிர பழுதுபார்க்கும் கடமைக்கு இல்லை. உங்கள் ஊர் விதி வேறாக இருக்கலாம், முதலில் அதைத் தேடிப் படியுங்கள்.

சரி, கடமை நம்முடையதுதான் என்று தெரிந்ததும் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கிவந்து தானே பூசிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல ஊர்களில் இதற்கு அனுமதி வேண்டும். அனுமதியை விடுங்கள், பூசிய விளிம்பு பக்கத்துக் கல்லைவிட அரை அங்குலம் தூக்கி நின்றாலே நியூயார்க்கில் அது குறைபாடு, அப்புறம் விழுந்தவர் தரப்பு வக்கீல் ஆபத்தை உண்டாக்கியதே நீங்கள்தான் என்பார். கல்லைத் தூக்குகிற மர வேரையும் வெட்டாதீர்கள், தெருமரம் பெரும்பாலும் நகராட்சியின் சொத்து.

சுவரில் யாரோ ராத்திரியில் கிறுக்கிவிட்டுப் போனால் நோட்டீஸ் வருவது கிறுக்கியவனுக்கு இல்லை, உங்களுக்கு. அநியாயம்தான், ஆனால் பல நகரங்களில் விதி அப்படி. சான் ஃபிரான்சிஸ்கோ விதி அழிப்பதற்கு 30 நாள் கெடு வைத்தது. பதற்றத்தில் உடனே அழித்துவிடாமல் போட்டோ எடுத்து, புகார் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அதற்காகத் தள்ளியும் போடாதீர்கள், பெயிண்ட் காயக் காய அழிப்பது கஷ்டம். பூசாத செங்கல் சுவரில் எடுத்த எடுப்பில் அழுத்தமாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் நிறம் நுண்துளைகளுக்குள் இன்னும் இறங்கும், செங்கலின் மேல்தோலும் உரியும். ஒரு ஓரத்தில் ரசாயனத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது. கழுவிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் விட்டால் அதற்குத் தனி அபராதம் வரலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: சுவர் என்னுடையது, எப்போது வேண்டுமானாலும் வெள்ளை அடிப்பேன் என்பது. நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தில் உரிமையாளரே சம்மதித்துத்தான் பல ஆண்டுகளாக ஓவியர்கள் வரைந்தார்கள். 2013-இல் அவர் அத்தனையையும் வெள்ளையடித்தார். ஓவியர்களின் உரிமையைக் காக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி 21 பேர் வழக்காட, 2018-இல் 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டிலும் அது நின்றது. அதனால் சுவரை ஓவியருக்குக் கொடுக்கும்போதே எத்தனை காலம் இருக்கும், அழிக்கும் முன் எப்படித் தகவல் சொல்வது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வரைகிறவர்களுக்கும் ஒன்று. கடையை வாடகைக்கு நடத்துகிறவர் "வரைஞ்சுக்கோங்க" என்று வாயால் சொன்னது அனுமதி ஆகாது. கட்டட உரிமையாளரின் எழுத்து வேண்டும், பாரம்பரியக் கட்டடப் பகுதி என்றால் நகராட்சியின் ஒப்புதலும் வேண்டியிருக்கும்.