ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும்: ஆய்வகத்தில் அளப்பது எப்படி? (தொடக்க நிலைப் பயிற்சியாளர்களுக்கு)

தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஆய்வகங்களில் பயிற்சிக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இது: சர்க்கரை அளவு பெரும்பாலும் தவறுவது இயந்திரத்தில் அல்ல, ரத்தம் எடுத்த பிறகு குழாய் காத்துக் கிடக்கும் நேரத்தில். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: மாதிரி

வந்தவரிடம் கடைசியாக என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். புரட்டாசி மாதத்தில் இது மிகவும் முக்கியம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் மாமிசம் விலக்கியவர்களும் விரதம் என்றே சொல்வார்கள். காலையில் பால் தேநீர் குடித்திருக்கலாம். நமக்கு வேண்டியது தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லாத 8 மணி நேரமாவது. ட்ரைகிளிசரைடுக்கு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 12 மணி நேரம் என்றால் நல்லது.

ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். கைக்கட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தால் கொலஸ்ட்ரால் கூடுதலாகக் காட்டும்.

சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய், கொழுப்புக்கு மஞ்சள் மூடிக் குழாய். சாதாரணக் குழாயில் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். இங்கே கோடையான ஜனவரி வெயிலில் இன்னும் வேகம். சாம்பல் மூடியில் உள்ள ஃபுளோரைடு இதைத் தடுக்கும், ஆனால் உடனே அல்ல, முழுப் பலன் வர ஒன்றிரண்டு மணி நேரமாகும். எனவே குழாயைப் பனிக்கட்டி நீரில் வைத்து, 30 நிமிடத்துக்குள் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுழற்றிப் பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதி) பிரித்துவிடுங்கள்.

மஞ்சள் மூடிக் குழாயை அரை மணி நேரம் உறையவிட்டுச் சுழற்றுங்கள். மேலே பிரிந்து நிற்பதே சீரம்.

படி 2: குளுக்கோஸ்

முதலில் கன்ட்ரோல் சீரம் (அளவு முன்பே தெரிந்த சோதனை மாதிரி). அது எல்லைக்குள் வராமல் யாருடைய முடிவையும் எழுதவேண்டாம்.

மூன்று குழாய்களில் தலா 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட் (நிறம் உண்டாக்கும் வினைக் கரைசல்). ஒன்று பிளாங்க் (ஒப்பிட, வேறெதுவும் சேர்க்காதது), மற்ற இரண்டில் ஒன்றில் ஸ்டாண்டர்டும் (அளவு தெரிந்த குளுக்கோஸ் கரைசல்) இன்னொன்றில் மாதிரியும் 10 மைக்ரோலிட்டர் வீதம். 37 டிகிரியில் 10 நிமிடம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்க, அதிலிருந்து சிவப்பு நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியை ஃபோட்டோமீட்டரில் 500 நானோமீட்டர் ஒளி அலைநீளத்தில் படியுங்கள். (அளவுகளுக்கு உங்கள் கிட்டின் தாளே முடிவானது.)

ஸ்டாண்டர்ட் லிட்டருக்கு 5.55 மில்லிமோல், கருவி காட்டும் அதன் அளவீடு 0.300, மாதிரியின் அளவீடு 0.420 என்றால்: 0.420 ÷ 0.300 × 5.55 = 7.77. வெறும் வயிற்றில் 7.0, அதற்கு மேல் என்றால் நீரிழிவு எல்லை. அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு நாள் மறுபடி பார்த்தே மருத்துவர் உறுதிசெய்வார்.

படி 3: கொழுப்பு

மொத்தக் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் இதே வழிதான், நொதிகள் மட்டும் வேறு. எச்.டி.எல்.லுக்குத் (நல்ல கொலஸ்ட்ரால் எனப்படுவது) தனி ரீஏஜென்ட்.

எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படுவது) பெரும்பாலும் கணக்கு: மொத்தம் − எச்.டி.எல். − (ட்ரைகிளிசரைடு ÷ 2.2). இவை வரிசையாக 5.8, 1.1, 2.2 என்றால் எல்.டி.எல். 3.7. ட்ரைகிளிசரைடு 4.5ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. நேரடி முறையில் அளக்கவேண்டும். சீரம் பால் போல வெளுத்திருந்தால் அப்போதே சந்தேகப்படுங்கள்.

படி 4: அலகு

தென்னாப்பிரிக்காவில் லிட்டருக்கு மில்லிமோல். சென்னையில் பரிசோதித்து வந்தவரின் தாளில் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) மில்லிகிராம் இருக்கும். மில்லிமோலை மில்லிகிராமாக்க குளுக்கோஸை 18ஆலும், கொலஸ்ட்ராலை 38.67ஆலும், ட்ரைகிளிசரைடை 88.57ஆலும் பெருக்குங்கள். மேலே வந்த 7.77 அங்கே 140.